பழைய மருந்துக்குக் காப்புரிமை இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஒரு மருந்து பழையது என்ற ஒரே காரணத்தால் அதன் மீது காப்புரிமை, அதாவது பிறர் அதைச் செய்து விற்பதைக் குறிப்பிட்ட காலம் தடுக்கும் பேட்டன்ட் உரிமை, எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. இதை விளக்குவதற்குக் கோல்சிசின் என்னும் மருந்தே போதும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் வேதிப்பொருள் இது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அந்தச் செடியை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். ஐரோப்பாவில் கோல்சிகம் என்னும் வேறொரு செடியிலிருந்து இதே பொருளை 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாகத் தங்கிக் கடும் வலியைத் தரும் கவுட் நோய்க்கு அந்தச் செடி அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே பயன்பட்டு வந்தது. இவ்வளவு பழைய மருந்தின் மாத்திரை, அமெரிக்காவில் 2009 வரை ஒன்று ஏறத்தாழ 9 சென்ட்டுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு விலை ஏறத்தாழ 5 டாலர் ஆனது. 2028, 2029 வரை நீளும் காப்புரிமைகளும் அதன் மீது பதிவாயின.

இது எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் காப்புரிமை நிலையைச் சரிபார்க்கும் முறையின் பெரும்பகுதி இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டம் வருவதற்கு முன்பே கோல்சிசின் விற்பனையில் இருந்தது. ஆகவே எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு, மருந்து நிர்வாகத்தின் முறையான ஒப்புதல் இல்லாமலே பல நிறுவனங்கள் அதைத் தனி மருந்தாக விற்றுவந்தன. இத்தகைய ஒப்புதலற்ற பழைய மருந்துகளை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர 2006-இல் எஃப்.டி.ஏ. ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்ட யூ.ஆர்.எல். ஃபார்மா என்ற நிறுவனம் நோயாளிகளிடம் ஆய்வு நடத்தி, 2009 ஜூலையில் கோல்கிரிஸ் என்ற வணிகப் பெயரில் ஒப்புதல் பெற்றது. குறைந்த அளவு மருந்தே கூடுதல் அளவுக்கு நிகராக வலியைத் தணிக்கிறது என்றும், வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவுகள் அப்போது வெகுவாகக் குறைகின்றன என்றும் அந்த ஆய்வு காட்டியது. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேரும்போது கோல்சிசின் உடலில் நஞ்சாகும் அளவுக்குத் தேங்கக்கூடும் என்பதால், அத்தகைய நோயாளிகளுக்கு அளவை எவ்வாறு குறைக்க வேண்டும் என்பதையும் நிறுவனம் கணக்கிட்டது. அளவைக் குறைத்துக் கொடுக்கும் இத்தகைய முறைகளின் மீதுதான் காப்புரிமை பெறப்பட்டது. மூலக்கூறின் மீது யாரும் உரிமை கோரவில்லை, கோரியிருக்கவும் முடியாது. 2010-இல் எஃப்.டி.ஏ. ஒப்புதலற்ற மற்றக் கோல்சிசின் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னபோது, சந்தையில் ஒரே பெயர் எஞ்சியது. அந்த ஆய்வு பயனுள்ளது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்காகக் கவுட் நோயாளிகள் கொடுக்க நேர்ந்த விலை அந்தப் பயனுக்குச் சற்றும் பொருந்தாதது என்றே கருதுகிறேன்.

ஆகவே, "இந்த மருந்துக்குக் காப்புரிமை உண்டா?" என்ற கேள்வி அரைகுறையானது. எந்த நாட்டில், மருந்தின் எந்தக் கூறின் மீது, எந்த வடிவத்துக்கும் எந்தப் பயன்பாட்டுக்கும், எந்தத் தேதி வரை என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். நிலம் வாங்குபவர் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நிற்காமல், அடமானம், குத்தகை, பாதை உரிமை என்று ஒவ்வொன்றுக்கும் வில்லங்கம் பார்ப்பதைப் போன்ற வேலை இது.

ஒரே மருந்தின் மீது பல காப்புரிமைகள்

புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துக்கு முதலில் கிடைப்பது மூலக்கூறுக் காப்புரிமை. அதுவே வலிமையானது, ஏனெனில் அந்த மூலக்கூறை எந்த வடிவில் யார் செய்தாலும் அது தடுக்கும். அதன்பின் சில ஆண்டுகள் இடைவெளியில், அந்த மூலக்கூறின் குறிப்பிட்ட உப்பு, குறிப்பிட்ட படிக வடிவம், மெதுவாகக் கரையும் மாத்திரை போன்ற தயாரிப்பு வடிவம், மருந்தைச் செலுத்தும் கருவி, உற்பத்தி முறை, புதிய நோய்க்கான பயன்பாடு, மருந்து கொடுக்கும் அளவு என்று தனித்தனி விண்ணப்பங்கள் போடப்படும். ஒவ்வொன்றும் தனிக் காப்புரிமை. ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு.

சில்டெனாஃபில் மருந்தில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தத்துக்குத் தரப்படும் 20 மில்லிகிராம் சில்டெனாஃபில் மாத்திரைக்கு, அமெரிக்காவில் 2012-லேயே ஜெனரிக், அதாவது அதே மருந்தின் பிற நிறுவனத் தயாரிப்பு, வந்துவிட்டது. அதே மூலக்கூறு வயாகரா என்ற பெயரில் ஆண்மைக்குறைவுக்கு விற்கப்பட்டபோது, அந்தப் பயன்பாட்டின் மீதான காப்புரிமை 2020 வரை நீடித்தது. நிறுவனங்களுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டால் மட்டுமே 2017 டிசம்பரில் அதன் ஜெனரிக் விற்பனைக்கு வந்தது. மூலக்கூறு ஒன்றே என்றாலும் ஐந்தாண்டு வேறுபாடு.

ஆஸ்துமாவுக்கான சால்புடமால் 1969-இல் விற்பனைக்கு வந்த மருந்து. அதன் மூலக்கூறின் மீது யாருக்கும் தனி உரிமை இல்லாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் ஓசோன் படலத்தைக் காக்கும் பொருட்டுப் பழைய உந்துவாயு கொண்ட சால்புடமால் இன்ஹேலர்களை 2008 இறுதியோடு அமெரிக்கா விலக்கியபோது, புதிய உந்துவாயுவோடு வந்த இன்ஹேலர்கள் புதிய காப்புரிமைகளையும் கூட்டிக்கொண்டு வந்தன. மருந்தையே குறிப்பிடாமல், மிச்சமிருக்கும் மருந்தளவுகளைக் காட்டும் கருவியின் எண்ணிக்காட்டியை மட்டும் விவரிக்கும் காப்புரிமைகளைக்கூட, கீழே விளக்கும் எஃப்.டி.ஏ. பட்டியலில் சேர்த்திருந்தார்கள். இது தவறு என்று 2024 டிசம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

20 ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது?

இன்று ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டுகள். இந்த 20 ஆண்டுகள் விண்ணப்பம் தாக்கல் செய்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. காப்புரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. தொடக்கநிலையில் இருப்பவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் இதுதான், ஏனெனில் காப்புரிமை ஆவணத்தின் முதல் பக்கத்தில் இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். ஒரு விண்ணப்பம் பழைய விண்ணப்பத்தின் தொடர்ச்சியாகப் போடப்பட்டிருந்தால், முதல் விண்ணப்பத்தின் தேதியே கணக்கில் வரும்.

அமெரிக்காவில் 1995 ஜூன் 8-க்கு முன் தாக்கல் செய்யப்பட்டவற்றுக்கு வேறு கணக்கு இருந்தது. வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள் என்பது பழைய விதி. மாற்றக் காலத்தில் நடப்பில் இருந்தவற்றுக்கு 17, 20 ஆகிய இரண்டில் எது நீண்டதோ அது கிடைத்தது. 1970-களிலும் 80-களிலும் தோன்றிய மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது இது தேவைப்படும்.

ஒப்புதலுக்காகக் காத்திருந்து இழந்த காலத்துக்கு ஈடாக, அமெரிக்காவில் ஒரு காப்புரிமையை அதிகபட்சம் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் மருந்து ஒப்புதல் பெற்ற நாளிலிருந்து மொத்தம் 14 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. குழந்தைகளிடம் ஆய்வு நடத்திய நிறுவனத்துக்கு மேலும் 6 மாதம் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய நாடுகளிலும் துணைப் பாதுகாப்புச் சான்றிதழ் என்ற பெயரில் 5 ஆண்டு வரை நீட்டிப்பு கிடைக்கும். இந்தியாவில் எந்த நீட்டிப்பும் கிடையாது. 20 ஆண்டு முடிந்தால் முடிந்ததுதான்.

காப்புரிமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று தனி விற்பனை உரிமை. அதைத் தருவது காப்புரிமை அலுவலகம் அல்ல, மருந்துக்கு ஒப்புதல் தரும் நிர்வாகம். அமெரிக்காவில் முற்றிலும் புதிய மூலக்கூறுக்கு 5 ஆண்டுகளும், பழைய மருந்தின் மீது புதிய மருத்துவ ஆய்வு நடத்தி ஒப்புதல் பெற்றால் 3 ஆண்டுகளும், அரிய நோய்க்கான மருந்துக்கு 7 ஆண்டுகளும் இந்த உரிமை கிடைக்கும். கோல்கிரிஸ் மாத்திரைக்குக் கவுட் நோயின் திடீர் வலிக்காக 3 ஆண்டு உரிமையும், குடும்ப வழியாக வரும் மத்தியதரைக்கடல் காய்ச்சல் என்ற அரிய நோய்க்காக 7 ஆண்டு உரிமையும் கிடைத்தன. காப்புரிமை ஒன்றுகூட இல்லாத மருந்தை இந்த உரிமை மட்டுமே சில ஆண்டுகள் பூட்டி வைக்க முடியும் என்பதால், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆரஞ்சுப் புத்தகத்தைப் படிக்கும் முறை

அமெரிக்காவைப் பொறுத்தவரை தொடங்க வேண்டிய இடம், எஃப்.டி.ஏ. 1980 முதல் வெளியிட்டுவரும் ஒப்புதல் பெற்ற மருந்துகளின் பட்டியல். அட்டையின் நிறத்தால் அதற்கு ஆரஞ்சுப் புத்தகம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்போது இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 1984-இல் வந்த ஹேட்ச்-வாக்ஸ்மன் சட்டத்தின்படி, புதிய மருந்துக்கு ஒப்புதல் பெறும் நிறுவனம் அதற்குரிய காப்புரிமைகளை இந்தப் பட்டியலில் தெரிவித்தாக வேண்டும். ஜெனரிக் தயாரிக்க விரும்புபவர், பட்டியலில் உள்ள ஒவ்வொரு காப்புரிமைக்கும் தம் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும்: காலாவதியாகிவிட்டது, காலாவதியாகும் வரை காத்திருப்பேன், அது செல்லாது அல்லது என் தயாரிப்பு அதை மீறவில்லை. கடைசியாகச் சொன்ன வழியைத் தேர்ந்தெடுத்தால், காப்புரிமையாளர் 45 நாளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். தொடுத்தால் ஜெனரிக்கின் ஒப்புதல் 30 மாதம் வரை தள்ளிப்போகும்.

தேடும்போது வணிகப் பெயரைப் போடாமல் வேதிப்பெயரை, அதாவது மருந்தட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரை இடுங்கள். கோல்சிசின் என்று தேடினால் பல வரிகள் வரும். கோல்கிரிஸ் 0.6 மில்லிகிராம் மாத்திரை ஒரு வரி. 2014-இல் ஒப்புதல் பெற்ற மிட்டிகேர் என்ற 0.6 மில்லிகிராம் கேப்சூல் ஒரு வரி; 2019-இல் வந்த குளோபெர்பா என்ற திரவ மருந்து ஒரு வரி; இதய நோய் அபாயத்தைக் குறைப்பதற்காக 2023-இல் ஒப்புதல் பெற்ற லோடோகோ என்ற 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒரு வரி. இவற்றோடு ஜெனரிக் தயாரிப்புகளின் வரிகள். மூலக்கூறு எல்லாவற்றிலும் ஒன்றே, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் உரிய காப்புரிமைப் பக்கம் வேறு. ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கோல்சிசினின் நிலை இதுதான் என்று எழுதிவிடக் கூடாது.

ஒவ்வொரு வரியிலும் விண்ணப்ப எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். என் (N) என்ற எழுத்து புதிய மருந்து விண்ணப்பத்தையும், ஏ (A) என்ற எழுத்து ஜெனரிக் விண்ணப்பத்தையும் குறிக்கும். காப்புரிமைகள் பதிவாவது முதல் வகையில் மட்டுமே. ஜெனரிக் வரியைத் திறந்து, அங்கே காப்புரிமை எதுவும் இல்லாததைக் கண்டு மருந்தே விடுதலையாகிவிட்டது என்று நம்புவது எளிதில் நேரும் பிழை. ஆகவே N எழுத்துள்ள வரிகளைத் திறக்க வேண்டும்.

திறந்தால் காப்புரிமை எண், அது முடியும் தேதி, அது மூலப்பொருளைப் பற்றியதா, தயாரிப்பு வடிவத்தைப் பற்றியதா என்ற குறி, பயன்பாட்டுக் குறியீடு ஆகியவை வரிசையாகத் தெரியும். பயன்பாட்டுக் குறியீடு யு (U) என்ற எழுத்தும் ஓர் எண்ணுமாக இருக்கும். அதைச் சொடுக்கினால், காப்புரிமை எந்தச் சிகிச்சை முறையை உரிமை கோருகிறது என்று ஒரு வரியில் விளக்கம் வரும். பழைய மருந்துகளில் பெரும்பாலும் மூலப்பொருள் குறி காணப்படாமல், தயாரிப்பு வடிவமோ பயன்பாட்டுக் குறியீடோ மட்டும் இருக்கும். பயன்பாட்டின் மீது மட்டும் காப்புரிமை இருந்தால், ஜெனரிக் நிறுவனம் அந்தப் பயன்பாட்டைத் தன் மருந்துக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டு மற்றப் பயன்பாடுகளுக்கு விற்க முடியும். மிட்டிகேர் கேப்சூலும் இதற்கு நெருங்கிய ஒரு வழியில்தான் வந்தது. அது கோல்கிரிஸை மேற்கோளாகக் காட்டாமல், புரோபெனெசிட் என்ற இன்னொரு கவுட் மருந்துடன் கோல்சிசினைச் சேர்த்த பழைய கூட்டு மருந்தை மேற்கோளாகக் காட்டி, கவுட் வலி வராமல் தடுப்பதற்கு மட்டும் ஒப்புதல் பெற்றது. அதற்குள் யூ.ஆர்.எல். ஃபார்மாவை வாங்கியிருந்த டகேடா நிறுவனம் விற்பனையைத் தடுக்கக் கோரி வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது, மேல்முறையீட்டிலும் 2015-இல் அதே முடிவு வந்தது. காப்புரிமை நடப்பில் இருப்பது ஒன்று, அது உங்கள் முன்னால் இருக்கும் மாத்திரையைத் தடுப்பது வேறொன்று.

இந்தப் பட்டியல் முழுமையானது அல்ல. உற்பத்தி முறை மீதான காப்புரிமைகள் இதில் இடம்பெறா. ஆகவே விதையிலிருந்து கோல்சிசினைப் பிரித்தெடுக்கும் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை இருந்தால், அதை ஆரஞ்சுப் புத்தகம் காட்டாது. காலாவதியான காப்புரிமைகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிடும். நிறுவனம் கொடுக்கும் விவரத்தை எஃப்.டி.ஏ. அப்படியே பதிவுசெய்கிறதே தவிர, அந்தக் காப்புரிமை உண்மையில் அந்த மருந்துக்குப் பொருந்துமா என்று ஆராய்வதில்லை. இன்சுலின் போன்ற உயிரியல் மருந்துகள் இதில் இல்லை. அவற்றுக்கு ஊதாப் புத்தகம் என்ற தனிப் பட்டியல் உண்டு.

எண் கிடைத்தபின் காப்புரிமை ஆவணத்தையே கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் திறந்து பாருங்கள். முன்னுரையையும் படங்களையும் கடந்து, இறுதியில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களைப் படிக்க வேண்டும். சட்டப்படி காப்பது அவற்றை மட்டுமே. முதல் கோரல் "ஒரு சேர்மம்" என்று தொடங்குகிறதா, "ஒரு மாத்திரை" என்று தொடங்குகிறதா, "ஒரு நோயாளிக்குச் சிகிச்சை தரும் முறை" என்று தொடங்குகிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அமெரிக்கக் காப்புரிமைக்கு வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும்; கட்டத் தவறினால் 20 ஆண்டுக்கு முன்பே அது செயலிழக்கும். கட்டண விவரமும், நீதிமன்றத்திலோ காப்புரிமை வாரியத்திலோ கோரல்கள் தள்ளுபடியான விவரமும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகப் பதிவுகளில் கிடைக்கும்.

காப்புரிமை இல்லாமலும் விலை ஏறலாம்

காப்புரிமை எதுவும் இல்லை என்று உறுதியானாலும் மலிவான ஜெனரிக் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பைரிமெத்தமின் 1953-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. டாராப்ரிம் என்பது அதன் வணிகப் பெயர். காப்புரிமை எப்போதோ முடிந்துபோன இந்த மருந்தின் உரிமையை 2015-இல் வாங்கிய டியூரிங் நிறுவனம், மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு உயர்த்தியது. போட்டியாக வேறு எவரும் ஒப்புதல் பெற்றிருக்கவில்லை. மருந்து எல்லாக் கடைகளுக்கும் போகாதபடி வினியோகமும் குறுக்கப்பட்டிருந்ததால், ஒப்பீட்டு ஆய்வுக்கு மாத்திரை கிடைப்பதே பிறருக்குக் கடினமாயிற்று. அங்கே முதல் ஜெனரிக் ஒப்புதல் 2020-இல்தான் கிடைத்தது. இத்தகைய மருந்துகளை அடையாளம் காட்டுவதற்காக, காப்புரிமையும் தனி விற்பனை உரிமையும் முடிந்திருந்தும் ஜெனரிக் இல்லாத மருந்துகளின் பட்டியலை எஃப்.டி.ஏ. 2017 முதல் வெளியிட்டுவருகிறது. பழைய மருந்தைப் பற்றித் தேடுபவர் அதையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் பார்க்கும் முறை

காப்புரிமை வழங்கிய நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்காவில் 2029 வரை நீளும் காப்புரிமை இந்தியாவில் ஒரு நாளும் இருந்திராமல் போகலாம். ஆனால் இந்தியாவில் ஆரஞ்சுப் புத்தகம் போன்ற பட்டியல் கிடையாது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தருவதற்கு முன் காப்புரிமையைப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையையும் டெல்லி உயர்நீதிமன்றம் பேயர் என்ற மருந்து நிறுவனம் தொடுத்த வழக்கில் 2009-இல் நிராகரித்துவிட்டது. ஆகவே ஒரு மருந்து இங்கே விற்பனைக்கு ஒப்புதல் பெற்றிருப்பதை வைத்து, அதன் காப்புரிமை பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பழைய மருந்துகளைப் பொறுத்தவரை இந்தியச் சட்டத்தின் வரலாறு நம் வேலையைப் பெரிதும் குறைக்கிறது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளுக்குத் தயாரிப்பு முறையின் மீது மட்டுமே காப்புரிமை தந்தது. மருந்துப் பொருளின் மீது தரவில்லை. பொருளுக்கான காப்புரிமை 2005 ஜனவரி 1 முதல்தான் வழங்கப்படுகிறது. அதற்கான விண்ணப்பங்கள் 1995 ஜனவரி 1 முதல் வாங்கி வைக்கப்பட்டன. எனவே 1995-க்கு முன்பே உலகுக்கு வெளிப்படுத்தப்பட்ட மூலக்கூறு எதற்கும் இந்தியாவில் மூலக்கூறுக் காப்புரிமை இருக்க முடியாது. மெட்ஃபார்மின், அட்டெனலால், ஓமிப்ரசோல், கோல்சிசின் எல்லாம் இந்த ஒரே விதியில் அடங்கிவிடும்.

மிச்சமிருப்பவை புதிய வடிவங்களும் புதிய பயன்பாடுகளும். இங்கேதான் சட்டத்தின் 3-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தெரிந்த பொருளின் புதிய வடிவம் சிகிச்சைத் திறனை உயர்த்தாவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்றும், தெரிந்த பொருளின் புதிய பயன்பாடும் ஆகாது என்றும் 3(டி) உட்பிரிவு சொல்கிறது. மனிதருக்குச் சிகிச்சை தரும் முறைக்குக் காப்புரிமை இல்லை என்று 3(ஐ) சொல்கிறது. கோல்கிரிஸ் அமெரிக்காவில் பெற்ற மருந்தளவு முறைக் காப்புரிமைகளை இந்த இரண்டு உட்பிரிவுகளும் இங்கே வாசலிலேயே நிறுத்திவிடும். 3(டி)-க்கு உயிர் கொடுத்த வழக்கு சென்னையில் தொடங்கியது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் தாக்கல் செய்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்ற வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் ஏற்கவில்லை; உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரிப்பை உறுதி செய்தது. உலகின் ஏழை நோயாளிகள் பலருக்கு அந்தத் தீர்ப்பு வாழ்வளித்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இந்தியப் பதிவுகளைத் தேடுவதற்குக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் என்ற இலவசத் தேடுதளம் இருக்கிறது. அதில் மருந்தின் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே கிடைக்கும், ஏனெனில் தலைப்பில் மருந்தின் பெயர் இருக்காது. மேலே சொன்ன விண்ணப்பத்தின் தலைப்பில்கூட இமாட்டினிப் என்ற சொல் கிடையாது; ஒரு ஃபீனைல் பிரிமிடினமீன் வழிப்பொருளின் படிக வடிவம் என்றே அது பதிவாகியிருக்கிறது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. முதலில் ஆரஞ்சுப் புத்தகத்திலிருந்து அமெரிக்கக் காப்புரிமை எண்ணை எடுங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் அந்த எண்ணை இட்டால், அதே கண்டுபிடிப்புக்குப் பிற நாடுகளில் போடப்பட்ட விண்ணப்பங்கள் ஒரு குடும்பமாக வரும். அதில் உள்ள பன்னாட்டு விண்ணப்ப எண்ணையோ, நிறுவனப் பெயரையும் தாக்கல் தேதியையுமோ கொண்டு இன்பாஸில் தேடினால் இந்திய விண்ணப்பம் இருந்தால் அகப்படும். எச்.ஐ.வி., காசநோய், கல்லீரல் அழற்சி போன்றவற்றுக்கான இன்றியமையா மருந்துகளாக இருந்தால், மருந்துக் காப்புரிமைக் குழுமம் 2016 முதல் நடத்திவரும் மெட்ஸ்பால் தளம் வளரும் நாடுகளின் நிலையை ஒரே பக்கத்தில் காட்டிவிடும்.

விண்ணப்பம் கிடைத்தபின் அதன் நிலையைப் படிக்க வேண்டும். வெளியிடப்பட்டது என்றால் காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை என்று பொருள். இந்தக் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். காசநோய் மருந்தான பெடாக்விலினின் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்கான விண்ணப்பம் 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டபோது, எதிர்ப்பு மனு கொடுத்தவர்களில் அந்நோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் இருந்தார்கள். வழங்கப்பட்டது என்றால் மின்பதிவேட்டைத் திறந்து, மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய புதுப்பிப்புக் கட்டணம் கடைசியாக எந்த ஆண்டுக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டாமல் செயலிழந்தது என்று இருந்தாலும் உடனே உறுதி கொள்ள வேண்டாம்: செயலிழந்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் காப்புரிமையாளர் அதை மீட்க விண்ணப்பிக்கலாம்.

விலை ஏன் இப்படி இருக்கிறது என்று அறிய விரும்பும் நோயாளிக்கும், மருந்தாளுநருக்கும், செய்தி எழுதுபவருக்கும் இவ்வளவு தேடலே போதுமானது. மருந்தைத் தயாரிக்கவோ ஏற்றுமதி செய்யவோ முதலீடு செய்பவர், தேடிய நாடு, மருந்தின் வடிவமும் அளவும், கிடைத்த காப்புரிமை எண்கள், ஒவ்வொன்றின் முதல் உரிமைக்கோரல், முடியும் தேதி, தேடிய நாள் ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு, பதிவுபெற்ற காப்புரிமை முகவரிடம் எழுத்துவடிவில் கருத்துப் பெற்ற பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.